ஈரத்துக்கு ஒரு கிலோ

ஜூன் 9

நீலவரை எஸ்டேட், மேல் டிவிஷன், ஏழாம் லைன். மூன்றாம் வீட்டின் பின்னறை எனக்கு. கூரை நான்கு இடங்களில் ஒழுகுகிறது. ஐந்தாவது இடத்தில் பாயை விரித்திருக்கிறேன்.

வேலை இதுதான்: லைனுக்கும் மழைக்காட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மரங்களில் பறக்கும் தவளைகள் கட்டும் நுரைக்கூடுகளைத் தினமும் எண்ண வேண்டும். கைக்கு எட்டும் தவளைகளைப் பிடித்து எடை போட்டு விட்டுவிட வேண்டும். மூன்று மாதம். ஆராய்ச்சி செய்கிற மேடம் பெங்களூரில் இருக்கிறார். அட்டைக்கடி எனக்கு, கட்டுரை அவருக்கு. பொள்ளாச்சியில் விலங்கியல் முடித்தவளுக்குக் கிடைத்த இன்னொரு வேலை ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்பது. இங்கே நடக்கவாவது செய்யலாம்.

வீட்டுக்காரி இசக்கியம்மாள். இருபத்தாறு வயது, தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். புருஷன் திருப்பூரில். மகள் மோனிஷாவுக்கு இரண்டே கால் வயது. புது ஆளைப் பார்த்தால் அந்த வயதுப் பிள்ளை ஓடும், இல்லை அழும். இவள் இரண்டும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 10

இலை என்று நினைத்துத்தான் கை வைத்தேன். இலை கண்ணைத் திறந்தது.

என் முதல் தவளை. கொழுந்துப் பச்சை. வயிறு வெளிர்மஞ்சள். விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வு செம்பருத்திச் சிவப்பு. உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிவப்பு ஒரு துளியும் தெரியாது, எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. ஈரத் துணிப்பையில் போட்டு ஸ்பிரிங் தராசில் மாட்டினேன். பையைக் கழித்து இருபத்துநான்கு கிராம். என் கட்டைவிரலில் விரல்நுனிகளை ஒட்டவைத்து உட்கார்ந்தது. எடுக்க மனம் வரவில்லை.

ஜூன் 13

காலை ஆறு மணிக்குத் தொட்டியில் இருந்தேன். கூடு கட்டி முடிக்கும் தறுவாயைப் பார்த்துவிட்டேன்.

பெண் பெரியது. அதன் முதுகில் ஒரு ஆண். இடம் பிடிக்க முட்டிமோதிக்கொண்டு பக்கத்தில் இன்னும் இரண்டு. பெண் முட்டையோடு சேர்த்து ஒரு நீரை விட்டு அதைப் பின்னங்கால்களால் அடிக்கிறது, ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பதுபோல. அடிக்க அடிக்க நுரை பொங்கி, ஒரு கொய்யாப்பழ அளவுக்கு வருகிறது. பிறகு சுற்றியுள்ள இலைகளை இழுத்து நுரையில் ஒட்டுகிறது. ஆண்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டரில் பார்த்த அதே காட்சி.

நுரையின் மேல்பக்கம் காய்ந்து ஓடாகும். உள்ளே ஈரம் இருக்கும். ஆறேழு நாளில் கூடு இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தொட்டியில் விழும்.

தொட்டிக்கு மேலே நீளும் கிளைகளில் மட்டும்தான் கூடு. ஒரு முழம் தள்ளியிருக்கும் கிளையில் ஒன்றுகூட இல்லை. கீழே தண்ணீர் இருக்கிறது என்று மேலே இருப்பதற்கு எப்படித் தெரிகிறது? மேடத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘நல்ல கேள்வி’ என்று வந்தது. பதில் வரவில்லை.

ஜூன் 15

ஞாயிறு. கொட்டுகிற மழை. இறங்கவில்லை. கூடு 7 என்று எழுதினேன். நேற்றும் ஏழுதான். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது.

ஜூன் 16

நான்கு கூடுகள் தரையில். கொம்பால் தட்டியிருக்கிறார்கள். சேற்றில் நுரை, நுரைக்குள் முட்டை. எப்போது தட்டினார்கள் என்று தெரியவில்லை. நேற்றாகவும் இருக்கலாம்.

தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் கத்தினேன். அவர்களில் மூத்தவள் ரோசம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“நாந்தான் தட்டுனேன். என்னங்கிற?”

“எதுக்குங்க்கா? அது உங்களை என்ன பண்ணுச்சு?”

“இசக்கி மவளப் பாத்தியா, இல்ல தவளையத்தான் பாத்தியா? அந்தப் புள்ளைக்குத் தேரை விழுந்திருக்கு. நீ வந்து தேரையத் தூக்கிக் கொஞ்சிக்கிட்டு அலையுற.”

“இது தேரை இல்லீங்க, தவளை.”

“மரத்துல ஒட்டுதுல்ல? தேரைதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு பேரும் கிடைத்துவிட்டது. தவளைக்காரி.

ஜூன் 17

மோனிஷாவை இன்று சரியாகப் பார்த்தேன். ஒரு வாரமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். பார்க்கவில்லை.

தொடையில் தோல் மடிந்து தொங்குகிறது. பிட்டத்தில் சதையே இல்லை. வயிறு மட்டும் முன்னால். உட்கார்ந்தால் முழங்கால்கள் காதை எட்டுவதுபோல இருக்கிறது. தவளைபோல உட்காருகிறாள் என்று நானே நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ‘தேரை விழுந்தது’ என்ற வார்த்தையை உண்டாக்கியவர்கள் பார்த்துத்தான் உண்டாக்கியிருக்கிறார்கள்.

இசக்கி அக்கா சொல்கிறாள்: தை மாசம் ஒருநாள் கதவு மேலேயிருந்து தேரை பிள்ளை முதுகில் குதித்தது. அன்றிலிருந்து தேய்கிறாள். “சாப்பிடுறா. ஒட்ட மாட்டேங்குது.”

என் அப்பா தேங்காய் உரிக்கிறவர். உரித்த காயில் பருப்பு இல்லாமல் சூம்பிக் கிடந்தால் ‘தேரை மோந்த காய்’ என்று தூக்கிப் போடுவார். கல்லூரியில்தான் படித்தேன், மண்ணில் சத்து இல்லையென்றால் காய் அப்படி ஆகும் என்று. தென்னந்தோப்பிலும் தேரை, தேயிலைத் தோட்டத்திலும் தேரை. எங்கே சத்து போய்ச் சேரவில்லையோ அங்கே இந்தச் சனியன்பிடித்த சொல் போய் உட்கார்ந்துகொள்கிறது. தோட்டக்காரனை யாரும் கேட்பதில்லை. தவளைக்கு வாய் இல்லை.

ஜூன் 18

கூடு 5. புதிதாக இரண்டு. தட்டிய கிளையிலேயே மறுபடி கட்டியிருக்கிறது. ரோசம்மா பார்த்தாள். தட்டவில்லை. “திமிரு பாரு அதுக்கு” என்றாள்.

ஜூன் 20

இசக்கி அக்காவை விசாரித்தேன். மூன்று தடவை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறாள். மூன்று தடவையும் டானிக் பாட்டில். பெரிய ஆஸ்பத்திரி கீழே, மலையிறங்கி மூன்று மணி நேரம். டிஸ்பென்சரி நர்ஸ் சீட்டு கொடுத்தால்தான் எஸ்டேட் வேன் போகும், அக்காவுக்கும் லீவு கிடைக்கும். சீட்டு வேண்டுமென்றால் பிள்ளையின் எடை அட்டையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இவள் வயதுக்கு அது எட்டரை கிலோ. மோனிஷாவின் அட்டையில் 10.6. மஞ்சள்கூட இல்லை, பச்சை.

அங்கன்வாடிக்குப் போனேன். டீச்சர் பதிவேட்டைக் காட்டினார். மார்ச் 10.4, ஏப்ரல் 10.5, மே 10.6.

“இந்தப் புள்ள மாசாமாசம் நூறு கிராம் ஏறுதாங்க?”

டீச்சர் மூலையைக் கை காட்டினார். எடை மிஷின், தட்டு உடைந்து, மேலே விறகு அடுக்கி. “போன வருசம் ஒடைஞ்சது. நாலு லெட்டர் போட்டேன். எடை எழுதலன்னா எனக்கு மெமோ. ஒண்ணும் ஏறலன்னு எழுதுனாலும் மெமோ. நீ வந்து எழுது, பாப்போம்.”

“அதுக்காகப் பொய் எழுதுவீங்களா? புள்ள சாகக் கிடக்குது!”

“ஒரு மாசத்துல என்ன ஆகிடப் போவுதுன்னு எழுதினேன்” என்றார் டீச்சர். குரல் இறங்கிவிட்டது. “அப்புறம் அடுத்த மாசம் வந்துச்சு.”

இன்னும் என்னென்னவோ கத்திவிட்டு வந்தேன். அறைக்கு வந்து தவளை நோட்டைத் திறந்தேன். பதினைந்தாம் தேதி கண்ணில் பட்டது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஜூன் 22

இசக்கி அக்கா சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காருகிற ஆள் இல்லை.

“கோதை, எனக்கு ஒரு தேரை பிடிச்சுத் தர்றியா?”

புள்ளையின் முதுகில் தேரையை மூன்று தடவை வைத்து எடுத்து, மஞ்சள் தடவி, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டுமாம். போகிற தேரை நோயைக் கொண்டுபோய்விடும்.

“பைத்தியமா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.  ஒரு மணி நேரம் கழித்து நானே போனேன்.

“பிடிச்சுத் தர்றேன். ஆனா மொதல்ல புள்ளைய எடை போடணும். நெசமான எடை.”

“எதுல போடுவ? உன் தவளைத் தராசுலயா?”

“கொழுந்துத் தராசுல.”

யோசித்தாள். “புள்ளையக் கொக்கியில மாட்டவா?”

“பையில வெச்சு மாட்டலாம்.”

“சரி. ஆனா தேரை உண்டு.”

“உண்டு. மஞ்சள் தடவக் கூடாது. அது தோலால மூச்சு விடுறது, செத்துப்போகும்.”

“மஞ்சளில்லாம என்னடி சாங்கியம்?”

“பச்சத்தண்ணி போதும். ஓடையில விடவும் கூடாது. மரத்துலதான் விடணும்.”

“மரத்துல விட்டா நோய் திரும்பி எறங்கி வந்துராதா?”

“வராது. பறந்துரும்.”

“தவளை பறக்குமாக்கும்” என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஜூன் 24

மழை விட்டபாடில்லை. தொட்டிக்குப் போனேன், நனைந்துகொண்டே. கூடு 9. ஒரு கூடு இளகியிருந்தது. கீழே கையை நீட்டி நின்றேன். உள்ளங்கையில் ஒரு தலைப்பிரட்டை விழுந்தது. அரிசி அளவு. வால் இன்னும் ஒழுங்காக அசையத் தெரியவில்லை. தண்ணீரில் விட்டேன், நேராக அடிக்குப் போய்விட்டது. யார் சொல்லிக்கொடுத்தது?

ஜூன் 25

நாலு மணி எடை. கொழுந்துக் கொட்டகை. சூப்பர்வைசர் பால்துரை தராசில் ஒவ்வொரு பையாக மாட்டுகிறார். மிஷின் காட்டுகிற எண்ணை அவர் எழுதுவதில்லை.

“இருபத்திமூணு. பைக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ கழிவு. இருபத்திரெண்டு.”

மழையில் பறித்த கொழுந்தில் தண்ணீர் இருக்கிறதாம். வெயில் நாளிலும் கழிக்கிறார்கள், அப்போது பனியாம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெண்கள் பையை மாட்டுவதும், அவர் கழிப்பதும், மாட்டுவதும், கழிப்பதும்.

கடைசியில் இசக்கி அக்கா காய்ந்த பை ஒன்றில் மோனிஷாவை உட்காரவைத்துக் கொண்டுவந்தாள்.

“இதென்ன கூத்து?” என்றார் பால்துரை.

“எடை போட்டு, சீட்டுல எழுதி, சீல் வெச்சுக் குடுங்க சார்” என்றேன். “எஸ்டேட் தராசுன்னா டிஸ்பென்சரியில மறுக்க முடியாது.”

“எம் மேல பழி வரும்மா.”

ரோசம்மா பின்னாலிருந்து சொன்னாள்: “எங்க கொழுந்து எடை மட்டும் கரெக்டா இருக்கும், புள்ள எடை போட்டா பழி வருமோ?”

அவர் பையைக் கொக்கியில் மாட்டினார். மோனிஷா இரண்டு கையாலும் பையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினாள். அழவில்லை. ஒரு சுற்று முடிந்து என்னைப் பார்த்தாள். மிஷினில் 9.200.

பால்துரை சீட்டை எடுத்தார். பதினெட்டு வருடமாக அந்தக் கை எழுதுகிறது. 8.2 என்று எழுதி சீல் குத்தி நீட்டினார்.

நான் பார்த்தேன். வாங்கி மடித்து என் தோள்பையில் வைத்தேன்.

பை காய்ந்த பை. பிள்ளையும் நனையவில்லை.

ஜூன் 26

நர்ஸ் சீட்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். “எட்டு ரெண்டா? சிவப்புல்ல இது?” ஏன் முன்னமே கொண்டுவரவில்லை என்று இசக்கி அக்காவைத் திட்டினாள். மூன்று தடவை கொண்டுவந்தாள் என்று நான் திட்டினேன். நாளைக் காலை எட்டு மணிக்கு வேன்.

ஜூன் 27

ஆறு மணிக்கே பெண் தவளை ஒன்று கிடைத்தது. இருபத்தாறு கிராம். முட்டை இட்டு முடித்ததா என்று பார்த்துத்தான் எடுத்தேன்.

தொட்டியடியில் ஆறேழு பேர் வந்துவிட்டார்கள். இசக்கி அக்கா பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள். முதுகெலும்பை எண்ணலாம். நான் கையை நனைத்துக்கொண்டு தவளையை அந்த முதுகில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. மோனிஷாவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும், தோளைக் குலுக்கினாள். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. தவளை கத்துகிறது என்று நினைத்தேன்.

“சிரிக்காடி” என்றாள் இசக்கி அக்கா. “எம் புள்ள சிரிக்கா.”

மூன்றாவது தடவை வைக்கும்போது மோனிஷா கையைப் பின்னால் கொண்டுவந்து தவளையைத் தேடினாள்.

பிறகு கிளையில் விட்டேன். கொஞ்ச நேரம் இலையாக இருந்தது. ரோசம்மா, “எங்கடி பறக்குது?” என்று ஆரம்பித்த நேரத்தில் கால்களை நீட்டிக் குதித்தது. நான்கு சவ்வும் விரிந்தன. நான்கு சிவப்புக் குடை. தொட்டியைத் தாண்டி, எங்கள் தலைக்கு மேலே சரிந்து, எதிர் மரத்தில் போய் ஒட்டியது. இருபத்தைந்து அடி இருக்கும். 

“அட நாசமாப் போக” என்றாள் ரோசம்மா. “நெசமாவே பறக்குது.”

வேன் ஹாரன் அடித்தது. இசக்கி அக்கா ஓடினாள்.

ஜூன் 28

கூடு 8. வீட்டில் யாரும் இல்லை. ஒழுகுகிற இடங்களில் பாத்திரம் வைத்தேன். எதற்கென்று தெரியாமல் சீட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தவளைக்குப் பையைக் கழித்துத்தானே எழுதுகிறேன்.

ஜூலை 1

இசக்கி அக்கா போன் செய்தாள்.

“இங்க மிஷின்ல ஒம்பது காட்டுச்சு. சீட்டுல எட்டுன்னு எவன் எழுதுனான்னு நர்சம்மா கேட்டுச்சு.”

 “நீங்க என்ன சொன்னீங்க?”

“எஸ்டேட் தராசு எப்பவும் கம்மியாத்தான் காட்டும்னேன். அந்தம்மா சிரிச்சிருச்சு. ‘திருப்பி அனுப்ப வேண்டிய கேசு, வந்ததுதான் வந்த, டாக்டரப் பாத்துட்டுப் போ’ன்னுச்சு. டாக்டரு கழுத்தத் தடவிப் பாத்தாரு. ரெண்டு பக்கமும் கட்டி இருக்காம். எனக்குத் தெரியவே இல்ல கோதை.”

கழுத்துக் கட்டி, பிறகு எக்ஸ்ரே படம், பிறகு கையில் சோதனை ஊசி. பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்றார்களாம். பிள்ளைகளுக்கு வரும் காசநோய். ஆறு மாதம் மாத்திரை. இன்னும் ரெண்டு மாதம் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கலாம் என்றாராம் டாக்டர். புருஷனையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், பொங்கலுக்கு வந்தபோது அவன் இருமிக்கொண்டே இருந்தான்.

“தேரை போனதுனாலதான் டாக்டரு கையில நோய் தட்டுப்பட்டுச்சு” என்றாள்.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். “சாப்பிடுறாளா?” என்று கேட்டேன்.

“ஒரு முட்டை முழுசாத் தின்னா.”

ஜூலை 4

குளிக்கப் போனால் வழிமறிக்கிறார்கள். “என் மவனுக்கும் ஒண்ணு பிடிச்சுத் தாடி.” “எம் பேத்திக்கு ரெண்டு வருசமா இப்படித்தான்.” இந்த வாரத்தில் கூடு தட்டியவர் யாருமில்லை. ரோசம்மா தொட்டியடியில் காவல் நிற்கிறாள், கொம்போடு.

எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்: மொதல்ல எடை, அப்புறம் தேரை.

ஜூலை 5

நாலு மணி. ஒன்பது பிள்ளைகள் கொட்டகையில் வரிசையாக. டீச்சரும் வந்திருந்தார், பதிவேட்டோடு. நான் சொல்லி அனுப்பவில்லை. என்னைப் பார்க்காமல் ஓரமாக நின்றார்.

முதல் பையன் மாட்டப்பட்டான். மிஷினில் 10.100. பால்துரை பேனாவைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

“கழிக்கவா?” என்றார், மெதுவாக. அவருக்கும் தெரிந்துவிட்டது, போன தடவை என்ன எழுதினோம் என்று.

கழித்தால் ஒன்பதில் ஆறேழு பேராவது சிவப்பில் விழுவார்கள். அத்தனை பேருக்கும் வேன். மேலிருந்து யாராவது வந்து ஒரே ஒரு பிள்ளையை வேறு தராசில் தூக்கிப் பார்த்தால் போதும், ஒன்பதும் பொய். மோனிஷாவும் பொய்.

“வேண்டாங்க சார். பைய மட்டும் தனியா நிறுத்துக் கழிங்க. உள்ளது உள்ளபடி எழுதுங்க.”

பை இருநூறு கிராம். ஒவ்வொருவராக மாட்டி எழுதினார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டில் பழைய எண்களைச் சிவப்பு மையால் அடித்துப் புதிய எண்ணை எழுதினார். நான் வயதைப் பார்த்துக் கோட்டைப் பார்த்தேன்.

ஈரத்துக்குக் கழிக்காமலேயே நாலு பேர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே.

பால்துரை இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பதுபோல சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாலு பேருக்கு நர்ஸ் வேன் சீட்டு எழுதுனா மேனேஜர் என்னைத்தான் கேப்பார். திங்கக்கிழம பாப்போமே.”

 ரோசம்மா போய், எடை போட்டு அடுக்கியிருந்த கொழுந்துப் பைகளின்மேல் உட்கார்ந்தாள். அடுத்தவள் உட்கார்ந்தாள். லாரிக்காரன் வந்து, “ஏத்தணும்கா, சூடேறிப்போச்சுன்னா ஃபேக்டரியில எடுக்க மாட்டாங்க” என்றான்.

“எங்களுக்குத் தெரியாதா? பறிச்சது நாங்கதான.”

பதினாறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பால்துரை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போனில் அவர் “ஆமா சார், கொழுந்து சார்” என்பது கேட்டது. பிள்ளை என்று சொல்வது கேட்கவில்லை.

நானும் ஒரு பையின்மேல் உட்கார்ந்தேன். கீழேயிருந்து இளஞ்சூடு ஏறத் தொடங்கியிருந்தது. தொட்டிப் பக்கமிருந்து கட்டையைத் தட்டுவதுபோல ஆண் தவளைகளின் சத்தம்.

“ஏ தவளைக்காரி” என்றாள் ரோசம்மா. “அந்த நுரைக்குள்ள இருக்குற குஞ்சு எப்படி மூச்சு விடும்?”

“சரியாத் தெரியலீங்க்கா.”

“படிச்ச புள்ளதான நீ?”

“நாளைக்கு ஒரு கூட்டைப் பிரிக்காமப் பாக்கலாம். வர்றீங்களா?”

“நாளைக்கு ஞாயித்துக்கிழம. வாரேன்” என்றாள். பிறகு கழுத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள்.

ஐந்தே முக்காலுக்கு நர்ஸின் சீட்டோடு வேன் வந்தது. பைகளைவிட்டு யாரும் எழவில்லை. நாலு பிள்ளைகளும் தாய்மார்களும் ஏறி, கதவு சாத்தி, வேன் வளைவில் மறைந்த பிறகு எழுந்தார்கள்.